வராதவர்களின் குறிப்பேடு: முதியோர் குடியிருப்பில் கூட்டு வாழ்வை அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில் உள்ள ஒரு முதியோர் குடியிருப்பில் நான்கு ஆண்டுகளாக நிகழ்ச்சிக் குழுவின் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். அதற்கு முன் பள்ளி ஆசிரியராக இருந்தவன் என்பதால், எதைத் தொடங்கினாலும் வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்கும் பழக்கம் என்னிடம் இருந்தது. முதல் ஆண்டுப் பொங்கலுக்குப் பந்தல் போட்டு, மெல்லிசைக் குழுவை அழைத்து, வந்தவர்களை எண்ணி, ஏறக்குறைய எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று நிறைவாக உறங்கச் சென்றேன். மறுநாள் காலையில்தான், கடைசி வரிசை வீட்டில் தனியாக இருக்கும் ஒருவர் இரண்டு நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தது தெரியவந்தது. கதவைத் தட்டி உள்ளே போன என்னிடம் அவர், "பாட்டெல்லாம் இங்கயே நல்லா கேட்டுச்சு சார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு வந்தவர்களை எண்ணுவதை விட்டுவிட்டு, வராதவர்களை எழுதத் தொடங்கினேன். கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த மாற்றத்திலிருந்து பிறந்தவை.

முதற்படி: ஒரு மாதம் எதையும் நடத்தாமல் கேளுங்கள்

பொறுப்பேற்றவுடன் நிகழ்ச்சிப் பட்டியல் அச்சிடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. அதற்குப் பதிலாக, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்லுங்கள். "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் "எதுவானாலும் சரிதான்" என்ற பதிலே கிடைக்கும், ஏனெனில், தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பழகாத தலைமுறை அது. "வேலையில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்வீர்கள்?", "ஊரில் திருவிழா என்றால் உங்கள் பங்கு என்ன?", "இப்போது விட்டுப்போனதில் எதை நினைத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், ஒருவர் சேவல் வளர்த்ததைச் சொல்வார், இன்னொருவர் கோயில் கணக்கு எழுதியதைச் சொல்வார். நிகழ்ச்சிகளுக்கான விதை அங்கேதான் இருக்கிறது.

அதே நோட்டில் நான்கு செய்திகளைத் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும்: கண், காது, முழங்கால் ஆகியவற்றின் நிலை, மாத்திரை சாப்பிடும் நேரம், வீட்டில் பேசும் மொழி, எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்பது. கடைசிக் கேள்வியைச் சிறியதாக எண்ண வேண்டாம். அறுபத்து மூன்று வயதில் குடிவந்த ஒருவரை, இருபது வயதுப் பணிப்பெண் முதல் நாளே "பாட்டி" என்று அழைத்ததில் அவர் ஒரு வாரம் பொது அறைப் பக்கம் வரவில்லை. சிலருக்கு "சார்" வேண்டும். சிலருக்கு அது அந்நியமாகப் படும், "அண்ணா" போதும். "டீச்சரம்மா" என்று அழைத்தால் முகம் மலர்பவர்களும் உண்டு. கேட்டு எழுதி, பணியாளர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: நாளுக்கும் கிழமைக்கும் ஒரு வடிவம்

முதியவர்களின் நாள் தானாகவே ஓர் ஒழுங்கில் ஓடுகிறது. நிகழ்ச்சிகள் அந்த ஒழுங்குக்குள் நுழைய வேண்டுமேயன்றி அதைக் கலைக்கக் கூடாது. எங்கள் அனுபவத்தில் காலை 10.30 மணியும் மாலை 4.30 மணியும் ஏற்ற நேரங்கள். பகல் உணவுக்குப் பின் உறக்கம். இரவு ஏழு மணிக்குமேல் தொலைக்காட்சித் தொடர், மாத்திரை, பிள்ளைகளின் தொலைபேசி அழைப்பு. தொடர் ஓடும் நேரத்தில் பொதுக் கூட்டம் கூட்டி வென்ற குழுவை நான் இதுவரை கண்டதில்லை.

நாள்தோறும் மாறாத ஒன்றிரண்டு, கிழமைதோறும் வரும் மூன்று, மாதம் ஒருமுறை ஒரு பெரிய நிகழ்ச்சி என்ற அளவு போதுமானது. காலை நடை, மாலைக் காப்பி மேசை ஆகியவை நாள்தோறும் உள்ளவை. மாலைக் காப்பியை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுக்காமல் பொது அறையில் வைப்பது என்று நாங்கள் எடுத்த முடிவு, மற்ற எல்லா நிகழ்ச்சிகளும் சேர்ந்து செய்ததைவிட அதிகமாக மனிதர்களை ஒன்றுசேர்த்தது. நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் வீட்டுக்குப் போகும். அதையும் பணியாளர் அல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோவார், அவர் ஐந்து நிமிடமாவது உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் மார்கழியில் விடியற்காலைக் குளிரும் பனியும் கடுமையாக இருக்கும். ஆறு மணி நடையை ஏழரைக்குத் தள்ளி வைப்பதே நலம். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் சித்திரை, வைகாசியில் மாலை நிகழ்ச்சிகளை வெயில் தாழ்ந்த பின்னரே தொடங்குங்கள்.

மூன்றாம் படி: இடமும் நாற்காலியும்

வரிசையாக நாற்காலி போட்டு ஒருவர் மேடையில் பேசினால், பின்வரிசையில் இருப்பவருக்குக் கேட்காது. கேட்கவில்லை என்று அவர் சொல்லவும் மாட்டார். அடுத்த முறை வராமல் இருந்துவிடுவார். வட்டமாக உட்கார வையுங்கள். கைப்பிடி உள்ள, சற்று உயரமான நாற்காலிகளே வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் கை ஊன்றி எழும்போது அது சறுக்கும். இரைச்சல் போடும் மின்விசிறியை நிறுத்தினாலே செவிக்கருவி அணிந்தவர்கள் பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவார்கள். அறிவிப்புகளைப் பெரிய எழுத்தில், வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் எழுதுங்கள். வாசற்படி இருக்கும் இடத்தில் சாய்வுத்தளமும் கைப்பிடியும் இல்லையென்றால், நிகழ்ச்சிக்குச் செலவிடும் பணத்தை முதலில் அதற்குச் செலவிடுவதுதான் முறை. அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் முதியோர் உதவி எண் 14567, ஆம்புலன்ஸ் எண் 108 ஆகிய இரண்டும் எப்போதும் இருக்கட்டும்.

நான்காம் படி: உடல் அசைவு

மூத்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது உடற்சமநிலைக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் கூறுகிறது. இதில் நம் குடியிருப்புகள் நடையை மட்டும் பிடித்துக்கொண்டு, சமநிலையை விட்டுவிடுகின்றன. விழாமல் இருப்பதற்கு உதவுவது அந்த இரண்டாவது பகுதிதான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைச் சற்றே தூக்கி நிற்பது, குதிகாலும் நுனிக்காலும் தொடுமாறு கோட்டின்மேல் நடப்பது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது ஆகியவற்றை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு தொடங்கலாம்.

நம் மாவட்டங்களுக்கு மட்டும் உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அது ஒரு முதன்மைக் காரணம். பல்லாண்டுகள் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடித்து வளர்ந்தவர்களில் சிலருக்கு முதுகும் மூட்டுகளும் இறுகிப்போயிருக்கும். அவர்களைப் பார்த்து "சோம்பல்" என்று யாரும் பேச இடம் கொடுக்காமல், உட்கார்ந்தபடியே செய்யும் அசைவுகளை எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிடுங்கள்.

இரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனைக்கு மாதம் ஒரு நாள் ஒதுக்குவது நல்லது. வீடு தேடி வந்து பரிசோதித்து மாத்திரை தரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்டில் இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பார்வையாளர்களைப் பொறுப்பாளர்களாக்குங்கள்

இந்தப் படியில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ஒரு முதியவரைக் கூட்டத்துக்கு வரவைப்பது எளிது, தொடர்ந்து வரவைப்பது கடினம். தாம் வராவிட்டால் ஒரு வேலை நின்றுவிடும் என்பது தெரிந்திருந்தால் மட்டுமே அவர் மழையிலும் குடை பிடித்துக்கொண்டு வருவார்.

பாலக்கோட்டுப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மகன் கொண்டுவந்து சேர்த்த ஓர் அம்மா எங்களிடம் இருக்கிறார். வங்கி அதிகாரிகளும் பொறியாளர்களுமாக இருந்த கூட்டத்தில் அவர் யாரோடும் பேசாமல் ஏழு மாதம் இருந்தார். ஒரு வியாழக்கிழமை சமையற்கூடத்தில் ராகிக் களி செய்து பரிமாறினார்கள். ஒரு வாய் எடுத்து வைத்தவர், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நேராக உள்ளே போய், "இது களியும் இல்ல, கூழும் இல்ல. துடுப்பு இருக்குதா இல்லயா?" என்று கேட்டார். துடுப்பு இல்லை. கரண்டியால் கிண்டியிருந்தார்கள். அடுத்த வாரம் மகனிடம் சொல்லி ஊரிலிருந்து இரண்டு துடுப்புகளை வரவழைத்தார். நொய்யரிசி வெந்து குழையும் பதம், மாவைக் கொட்டிவிட்டுக் கிளறாமல் காத்திருக்க வேண்டிய நேரம், கால்களால் பானையை அணைத்துக்கொண்டு கட்டி விழாமல் கிண்டும் வேகம், கையை நீரில் நனைத்து உருட்டும் முறை எல்லாவற்றையும் சமையற்காரருக்குக் கற்றுக் கொடுத்தார். இப்போது வியாழக்கிழமைக் களி அவர் பொறுப்பு. கண்டிப்பானவர், தட்டில் மிச்சம் வைப்பவர்கள் திட்டு வாங்குகிறார்கள், அவரைப் பற்றி என்னிடம் புகார்களும் வருகின்றன. அந்தப் புகார்களை மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வாறு ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பொறுப்பைக் கண்டுபிடியுங்கள்: செய்தித்தாள்களை அடுக்குவது, செடிகளுக்கு நீர் ஊற்றுவது, பார்வை மங்கியவர்களுக்குத் தலைப்புச் செய்திகளைப் படித்துக் காட்டுவது, பிறந்தநாள் பட்டியலைக் கவனிப்பது, நூல் நிலைய ஏட்டை எழுதுவது. படுக்கையிலேயே இருப்பவருக்கும் வேலை உண்டு; எங்களிடம் ஒருவர் தம் வீட்டு ஜன்னல் வழியே தெரியும் பறவைகளின் பெயர்களை எழுதி, சனிக்கிழமைதோறும் அறிவிப்புப் பலகைக்கு அனுப்புகிறார். பொறுப்பைக் கொடுத்த பிறகு குறுக்கிடாதீர்கள். செய்தித்தாள் கோணலாக அடுக்கப்பட்டிருந்தால் கோணலாகவே இருக்கட்டும்.

ஆறாம் படி: ஆட்டங்கள்

கேரம், சதுரங்கம், சீட்டு ஆகியவை எங்கும் உள்ளவையே. பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றையும் சேர்த்தால் இதுவரை ஒதுங்கியிருந்த பெண்களும் கிராமத்தவர்களும் வந்துவிடுவார்கள். ஆடுபுலியில் மூன்று புலி, பதினைந்து ஆடு. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டால் குனிய முடியாதவர் ஆட முடியாது என்பதால், கட்டத்தைப் பலகையில் வரைந்து மேசைமேல் வையுங்கள். பல்லாங்குழிக்குச் சோழியைவிட, பெரியதாகப் பொறுக்கிய புளியங்கொட்டையே விரல் மரத்தவர்களுக்குக் கைக்கு வரும். தாயத்தில் வீட்டுக்கு வீடு விதி மாறும். எந்த வீட்டு விதி என்று தொடக்கத்திலேயே முடிவு செய்யாவிட்டால் அன்றைய மாலை வழக்காடு மன்றமாகிவிடும். சீட்டில் காசு வேண்டாம். ஐந்து ரூபாய்தான் என்பார்கள். ஐந்து ரூபாய்க்காக இரண்டு ஓய்வுபெற்ற அதிகாரிகள் பதினோரு மாதம் பேசாமல் இருந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன்.

ஏழாம் படி: நான்கு மொழிகளுக்கும் இடம்

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டு மொழிகளாக வாழ்கின்றன. வயது ஏற ஏற, குறிப்பாக மறதி நோய் தொடங்கியவர்களிடம், பிற்காலத்தில் கற்ற மொழி விலகித் தாய்மொழியே முன்னால் வருவதுண்டு. ஆகவே பாட்டு மாலையில் அவரவர் மொழியில் பாடட்டும். பொருள் புரியாதவர்களுக்குத் தாளம் புரியும். பஜனை ஒன்றையே பொது நிகழ்ச்சியாக்கிவிட்டால், வேறு சமயத்தவரும் இறைநம்பிக்கை இல்லாதவர்களும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அதைத் தனிக் குழுவாக, தனி நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். மறதி நோய் உள்ளவரிடம் "நான் யார், சொல்லுங்க பார்ப்போம்" என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டே பேச்சைத் தொடங்குங்கள்.

எட்டாம் படி: ஆண்டின் நாள்காட்டி

பண்டிகைகளைத் தாண்டி, இந்த மண்ணுக்கு உரிய நாட்களைக் கொண்டே ஓர் ஆண்டை நிரப்பிவிடலாம். தையில் பொங்கல், பங்குனியில் யுகாதி, அதையொட்டிச் சித்திரைப் பிறப்பு. ஜூன் மாதம் மாம்பழத்துக்கு உரியது: செந்தூரா, பெங்களூரா, நீலம், அல்போன்சா என்று வகைக்கு இரண்டு வாங்கி, கண்ணைக் கட்டிக்கொண்டு சுவைத்துப் பெயர் சொல்லும் போட்டி வையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு துண்டே போதும், போட்டிக்கும் அதுவே போதும். தோப்பு வைத்திருந்தவர்கள் வாசனையிலேயே சொல்லிவிடுவார்கள். ஜூலை 23 சுப்பிரமணிய சிவாவின் நினைவு நாள். 1925இல் பாப்பாரப்பட்டியில்தான் அவர் மறைந்தார். ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஆடிப்பெருக்கு. அக்டோபர் 1 உலக முதியோர் நாள்; அன்று முதியவர்களுக்கு யாரேனும் பொன்னாடை போர்த்துவதற்குப் பதில், முதியவர்கள் பணியாளர்களுக்கு விருந்து வைக்கலாம். டிசம்பர் 10 இராஜாஜியின் பிறந்தநாள். 1878இல் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர்.

நவம்பரைக் கொண்டாட்டமாகவே மாற்றிவிட்டோம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று தர வேண்டிய மாதம் அது. எண்பது வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். விரல் ரேகை தேய்ந்துபோனவர்கள் கருவியில் விரலை வைத்து வைத்துச் சலித்துப்போவார்கள். கைப்பேசியில் முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வசதி இப்போது இருப்பதால், கைப்பேசி நன்கு தெரிந்த இரண்டு குடியிருப்பாளர்கள் ஒரு காலையில் உட்கார்ந்து எல்லாருக்கும் முடித்துக் கொடுக்கிறார்கள். "உயிரோடு இருப்பதாக நிரூபித்தவர்களுக்கு" சுண்டலும் காப்பியும் உண்டு.

தெருக்கூத்தை விட்டுவிட முடியாது. இந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பல இரவுகள் நடந்து, துரியோதனன் படுகளத்தோடு முடியும். விடிய விடிய உட்கார முடியாதவர்களுக்காக ஒரு குழுவை அழைத்து, மாலை ஐந்து முதல் ஏழு வரை ஒரு பகுதியை மட்டும் ஆடச் சொல்லலாம். ஆடுபவர்களுக்கு உரிய ஊதியத்தைப் பேசிக் கொடுங்கள். "முதியோர்தானே, சேவையாகச் செய்யுங்கள்" என்று கேட்பது அழகில்லை.

ஒன்பதாம் படி: வெளியே அழைத்துச் செல்லுதல்

ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்படாத பயணமே முதற்பயணமாக இருக்கட்டும். நீங்கள் முன்கூட்டியே நேரில் சென்று, படிகளை எண்ணி, மேற்கத்திய முறைக் கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்து, வண்டி எவ்வளவு அருகில் நிற்கும் என்று கேட்டுவிட்டு வரவேண்டும். தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த வீடு, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம், தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கிருஷ்ணகிரி அணையின் பூங்கா ஆகியவை தொடக்கத்துக்கு ஏற்றவை. ஒகேனக்கல்லை எல்லாரும் கேட்பார்கள். வழுக்கும் பாறையும் கூட்டமும் உள்ள இடம், வெள்ளம் வந்தால் பரிசலுக்கும் தடை வரும். நல்ல நடையுள்ளவர்களை மட்டும் தனிக் குழுவாக, வார நாளில் அழைத்துச் செல்லுங்கள்.

வேனின் முதற்படி எப்போதும் உயரமாகவே இருக்கும். அகலமான மரப்பலகை ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் ஏறுவதும் இறங்குவதும் எளிதாகும். மடக்கு சக்கர நாற்காலி ஒன்று, குடிநீர், மாத்திரைப் பட்டியல், சர்க்கரை தாழ்ந்தால் கொடுக்க இனிப்பு, மாற்றுத் துணி, ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஆகியவை வேண்டும். காலை ஏழரைக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் பகல் உணவுக்குத் திரும்பிவிடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் தலைகளை எண்ணுங்கள். எண்ணுபவர் ஒருவராகவே இருக்கட்டும், இரண்டு பேர் எண்ணினால் இரண்டு எண்ணிக்கை வரும்.

நிறைய இடங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். அருங்காட்சியகத்துக்குப் போன முதல் முறை, நான்கு கூடங்களையும் பார்க்கத் திட்டமிட்டிருந்தேன். நடுகற்கள் இருக்கும் இடத்தில் ஊத்தங்கரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நின்றுவிட்டார். "எங்க ஊரு வேடியப்பன் இதே மாதிரிதான் இருப்பாரு, ஒரு கையில வில்லு, ஒரு கையில கத்தி" என்று தொடங்கி, பொங்கல் வைப்பது, சிறுவயதில் அந்தக் கல்லுக்குப் பின்னால் ஒளிந்து விளையாடியது, அப்பாவிடம் அடி வாங்கியது என்று சொல்லிக்கொண்டே போனார். மற்றவர்களும் தத்தம் ஊர்க் கல்லைச் சொல்லத் தொடங்க, மற்ற கூடங்களைப் பார்க்காமலே திரும்பினோம். இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டதைப் பற்றிப் பேசலாம் என்று குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன். அந்தத் தாள் பையிலேயே இருந்தது. அடுத்த வாரம் காப்பி மேசையில் பயன்பட்டது.

பத்தாம் படி: பணமும் மனத்தாங்கலும்

மாதச் சந்தா எல்லாராலும் தர முடிந்த மிகச் சிறு தொகையாக இருக்கட்டும். வரவு செலவை மாதந்தோறும் பலகையில் ஒட்டிவிடுங்கள். பயணத்துக்குத் தனிக் கட்டணம் என்றால், தர இயலாதவருக்கு மற்றவர் அறியாமல் உதவும் வழியை முன்பே வைத்திருங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் ஒவ்வொருவரையும் கேளுங்கள். சண்டை வந்தால் அன்றே தீர்க்க முயலாமல் மூன்று நாள் விடுங்கள். பாதிச் சண்டைகள் காது கேளாமையால் வருபவை.

பதினோராம் படி: புதியவரும் மறைந்தவரும்

புதிதாக வருபவருக்கு முதல் இரண்டு வாரம் ஒரு துணைவரை நியமியுங்கள். சாப்பாட்டு அறையில் எங்கே உட்காருவது என்ற கேள்வியே முதல் நாளின் பெரிய அச்சம். வரவேற்புக் கூட்டம் வைத்து, தம்மைப் பற்றிப் பேசச் சொல்ல வேண்டாம். சிலர் விரும்பி வந்தவர்கள் அல்லர்.

ஒருவர் மறைந்தால், நிர்வாகங்கள் அதை மறைக்கவே விரும்புகின்றன. மற்றவர்கள் கலங்குவார்கள் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. காலியான நாற்காலியை எல்லாரும் பார்க்கத்தான் செய்கிறார்கள். அன்று மாலையே பெயரைச் சொல்லி, இரண்டு நிமிடம் நின்று, அவரைப் பற்றி நினைவுக்கு வந்ததைப் பேசவிடுங்கள். அவர் பார்த்த வேலையை யார் எடுத்துக்கொள்கிறார் என்பதை ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள், அன்றே கேட்க வேண்டாம்.

பன்னிரண்டாம் படி: வராதவர்களின் குறிப்பேடு

நூறு பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு மாலையும் காப்பி மேசை முடிந்ததும் அன்று வராதவர்களின் பெயர், தெரிந்தால் காரணம், பார்க்கப் போனவர் பெயர் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ஒரு நாள் வராதவரைத் தொலைபேசியில் அழைக்கலாம். இரண்டாம் நாளும் வராவிட்டால் ஒருவர் நேரில் செல்ல வேண்டும். மூன்றாம் நாள் நிர்வாகத்துக்கும் செவிலியருக்கும் சொல்லிவிட வேண்டும். வராமல் இருக்க ஒருவருக்கு உரிமை உண்டு. எங்களிடம் ஒருவர் புத்தகமும் தாமுமாக இருக்கவே விரும்புகிறார், அவர் பெயருக்கு நேரே "நலம், படிக்கிறார்" என்று நாள்தோறும் எழுதுகிறோம். அதை எழுதுவதற்காக ஒருவர் தினமும் அவர் ஜன்னலைக் கடந்து போகிறார், அவரும் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து கையை அசைக்கிறார்.

போகும்போது "ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள், அது பள்ளிக்கூடக் கேள்வி, எனக்கே அதை விட ஓராண்டாயிற்று. "இன்னிக்குச் சுண்டல்ல மாங்கா போட்டிருந்தாங்க, உங்களுக்கும் எடுத்து வெச்சேன்" என்று கிண்ணத்தோடு போங்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை குறிப்பேட்டை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். நான் வரும் சித்திரையில் ஒப்படைக்கிறேன். முதல் பொங்கலன்று காய்ச்சலில் படுத்திருந்தாரே, அவர்தான் அடுத்து எழுதப்போகிறார். பெரிய கட்டம் போட்ட நோட்டாக வாங்கித் தரும்படி இப்போதே சொல்லிவிட்டார்.